வானிலை போடுகிறவர் பறக்கக் கூடாது

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மேலே இருக்கிற இரண்டு வார்த்தைகளையும் நானேதான் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருக்கின்றன.

நான் போன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா வர மாட்டேங்கிறாங்கப்பா. அவருக்குத்தான் எழுதத் தெரியுமே, எழுதச் சொல்லுங்கிறாங்க" என்கிறாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு. நீ கோபத்தில் சொன்னாய் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு அது பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இதற்கு முன் யாருக்கும் நான் கடிதம் எழுதியதில்லை. முதல் கடிதம் உனக்கு.

மகளுக்குக் கால் கட்டு எப்போது பிரிப்பார்கள்? மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு நீ ஒருத்தியே அவளைத் தாங்கிப் பிடிக்கிறாயா? உன் இடுப்பு என்ன ஆவது?

அன்றைக்கு நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உன் பிரஷர் மாத்திரை உறையை எடுத்து, "காலை, சாப்பாட்டுக்குப் பின்" என்று படித்துக் காட்டினேன். உன் முகம் மலரும் என்று காத்திருந்தேன். நீ கரண்டியைக் கீழே வைத்தாய்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாய்.

"ஆறு மாசமா. வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு நூலகத்துல சாயங்கால வகுப்புக்குப் போனேன்."

"எதுக்கு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "கிளைடருக்கு வானிலை போடணும்ல, அதுல எழுத்தா வருதே" என்றேன். நீ திரும்பி உள்ளே போய்விட்டாய். மகள் விழுந்து கால் உடைந்த செய்தி வந்தபோது உன் பெட்டி ஏற்கெனவே பாதி அடுக்கியிருந்தது. நான் பார்த்தேன்.

நீ என்னை முழுதாகச் சொல்லவிடவில்லை. இப்போது சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டினேன். மேலே போனேன், கீழே வந்தேன். ஜன்னல் கிடையாது. பதினாலாவது மாடியில் கதவு திறந்தாலும் எதிரே சுவர்தான். ஓய்வு பெற்ற பிறகு மாப்பிள்ளை தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். அதில் அந்த விளையாட்டு இருந்தது. கிளைடருக்கு இன்ஜின் இல்லை. ஒரு சின்ன விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடும். அப்புறம் நம் பாடு. வெயிலில் தரை சூடாகி, அங்கங்கே காற்று தூண் மாதிரி எழும்பும். அதற்குத் தெர்மல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் புகுந்து வட்டமிட்டால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். பருந்து செய்கிறதே, அதே வித்தை.

ஞாயிறு மதியம் எங்கள் குழு இணையத்தில் கூடும். அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போட்டி போடுவோம். தலைவர் ஒரு பல் டாக்டர். ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார், ஒரு லாரிக்காரர் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே வானம் இருந்தால்தானே போட்டி? அந்த வானத்தை ஒருவர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். காற்று எந்தத் திசை, மேகம் எவ்வளவு உயரம், தெர்மல் எத்தனை, எவ்வளவு பலம் என்று. அந்த வேலைக்கு நேரம் உள்ள ஆள் நான்தான் என்று என்னிடம் கொடுத்தார்கள். எண் எனக்குத் தெரியும், லிஃப்ட் பொத்தான் கொடுத்த படிப்பு. எழுத்துத்தான் தெரியாது. அதற்காகத்தான் போனேன்.

ஒரே ஒரு விதி. வானிலை போடுகிறவர் அந்த வாரம் பறக்கக் கூடாது. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவருக்கு மட்டும் தெரியுமே. அதனால் நான் இப்போதெல்லாம் பறப்பதே இல்லை. மற்றவர்கள் பறப்பதைப் பார்க்கிறேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அங்கே வானம் எப்படி இருக்கிறது?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 7, சனி

வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

கல்யாணமான புதிதில் ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தீர்கள். மூன்றாம் நாள் அதன்மேல் காபி டம்ளரை வைத்தீர்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, "அவளோட சேர்ந்து நீங்களும் உட்காருங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று கெஞ்சினேன். "போடி, மண்டையில ஏறாது" என்றீர்கள். அப்புறமும் விட்டேனா? மருந்துக் கடையில் வேலை முடித்துவிட்டு வந்து, கால் கடுக்க நின்ற களைப்போடு கேட்பேன். ஏறாது, ஏறாது, ஏறாது.

மனுஷி கேட்டேன், ஏறவில்லை. ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி கேட்டது, ஏறிவிட்டது. பெட்டிக்குள் அடிக்கிற காற்றுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

வாக்கிங் போகிறீர்கள் என்று நம்பி, ஆறு மாதம் உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். நூலகத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலுக்கு எதற்குத் தைலம்? அதையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு காட்டினீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளுக்குக் கால்தான் உடைந்தது, வாய் உடையவில்லை. கட்டுப் பிரிக்க ஏப்ரல் கடைசி ஆகும் என்கிறார்கள். என் இடுப்பு என் கவலை.

வானம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வானம் இருக்கிறது.

மகளிடம் கேட்டீர்களாமே, வடிகட்டி சமையலறையில் இரண்டாவது தட்டில், பெரிய பாத்திரத்துக்குள் இருக்கிறது. வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம்.

வீட்டுக்காரி


மார்ச் 12, வியாழன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வடிகட்டி கிடைத்தது. இதுவரை கைக்குட்டையில் வடிகட்டினேன். சலவைக் கைக்குட்டைதான்.

டம்ளர் வைத்தது உண்மை. தைலமும் உண்மை.  இனி வானத்தைப் பற்றியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் கைக்கு வேலை வந்த முதல் வாரம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று திரும்பிய பக்கமெல்லாம் தெர்மல் வைத்தேன். ஒவ்வொன்றும் குளம் மாதிரி அகலம். ஒருவரும் கீழே வரவில்லை. ஒருவரும் முந்தவும் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு சுற்றினார்கள்.

"என்ன பெரியவரே, மூலைக்கு மூலை லிஃப்ட் வச்சிருக்கீங்க. பழைய வேலைய விட மனசு வரல போல" என்றார் லாரிக்காரர்.

டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். "ஒரு இடத்துல காத்து மேல போனா, பக்கத்துல அதே அளவு கீழ வந்தே ஆகணும். இறக்கம் இல்லாத வானம் நம்புற மாதிரி இருக்காது."

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் மொட்டை மாடிக்குப் போகிறேன். மேகத்தைப் பார்க்கிறேன். இறங்கித் தெருவுக்கு வருகிறேன். கார் நிறுத்துகிற தார்த் தரையில் நின்று பார்க்கிறேன், பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் நின்று பார்க்கிறேன். எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று. திரும்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் நாற்காலி எழுந்திருக்கச் சொல்கிறது, நின்றால் உட்காரச் சொல்கிறது. எதிர்க் கடைத் தையல்காரர், "பெரியவரே, மழை வருமா?" என்று தினமும் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிக்குள் வருகிற மழை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கணக்கு டீச்சர், திரையில் வானிலை போடுகிற அந்தப் பலகையை நம் மொழியில் மாற்றித் தந்திருக்கிறார். "காற்றின் திசை" என்று ஒரு கட்டம். "மேகத்தின் அடி" என்று ஒன்று. "ஏற்றத்தின் பலம்" என்று ஒன்று. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க வேறு வழியும் இல்லை.

29-ஆம் தேதி ஞாயிறு வெளிக் குழு ஒன்று எங்களோடு போட்டி போட வருகிறது. இந்தத் தெருவின் வானத்தை எல்லாம் நான் போட்டுத் தீர்த்துவிட்டேன். உன் வானத்தைக் கொடு. நீ இருக்கிற இடத்தில் காற்று எந்தப் பக்கம், எது சூடாகிறது, மேகம் எங்கே வந்து நிற்கிறது என்று எழுது. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை. அதைப் பார்த்துச் செய்கிறேன். நீ அங்கே நிமிர்ந்து பார்க்கிற வானத்தை நான் இங்கே பார்த்த மாதிரி இருக்கும்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 19, வியாழன்

வீட்டுக்காரருக்கு,

கைக்குட்டைகளைத் தூக்கிப் போடுங்கள்.

எனக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனாலும் மகள், "பாவம்மா, ஒரு வானம்தானே கேக்கறாரு" என்று நச்சரித்தாள். அவள் தூங்கும் நேரத்தில் பால்கனியில் நின்று பார்த்து எழுதுகிறேன். அவளுக்காக.

இது மூன்றாவது மாடி. எதிரே பஸ் டிப்போ. நீளமான தகரக் கூரைகள், நாலைந்து. வெயில் ஏறினால் கண்ணைக் கூசும். முற்பகலில் அதற்கு மேலே ஒரு மேகம் வந்து உட்காரும். அடிப்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி தட்டை. கொஞ்ச நேரத்தில் அது நகர்ந்து போகும், அதே இடத்தில் இன்னொன்று வரும். டிப்போவிலிருந்து பஸ் கிளம்புகிற மாதிரியே.

காற்று மதியத்துக்கு மேல் வலுக்கிறது. கொடியில் போட்ட துணியெல்லாம் கிழக்குப் பக்கம் பறக்கிறது. மாப்பிள்ளை சட்டை ஒன்று போயே போய்விட்டது. கிழக்கு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிழக்கே, வடக்கு தெற்காக ஒரு நீண்ட மலை. ஊரைப் பார்த்த சரிவில் பருந்துகள் நிற்கின்றன. பறக்கவில்லை, நிற்கின்றன. சிறகை அசைக்காமல், யாரோ நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நேற்று அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது. அதற்கும் நீங்கள்தான் காரணம்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் என்ன வானிலை ஆபீஸா?

வீட்டுக்காரி


மார்ச் 30, திங்கள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

போட்டி நன்றாக நடந்தது. உன் வானம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே மாதிரி ஒரு மலை உள்ள இடத்தைத் தேடி எடுத்து, தகரக் கூரையெல்லாம் வைத்து, நீ எழுதியபடியே செய்தேன்.

கண் கொஞ்சம் வலிக்கிறது. அதனால் நிறைய எழுதவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு வேறு யாராவது வானிலை போடட்டும் என்று இருக்கிறேன். எனக்கும் ஓய்வு வேண்டாமா?

மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை வாங்கித் தருவதாகச் சொல்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்காரருக்கு,

பொய் எழுதவும் அந்த வகுப்பில் கற்றுக்கொடுத்தார்களா?

மகள் அன்றைக்கு மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரைத் திறந்து உங்கள் போட்டியைப் போட்டுவிட்டாள். சும்மா பார்க்கிறவர்களும் உள்ளே வரலாமாமே. அவள் காலை நீட்டிக்கொண்டு, நான் பக்கத்தில் ஸ்டூலில். ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தோம். கேட்கவும் செய்தோம்.

அந்தச் சரிவுக்கு வந்ததும் எல்லோரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டு நுழைந்தார்கள். பருந்து மாதிரி நிற்கப்போகிறார்கள் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் பின் ஒருவராக வயலில் விழுந்தார்கள். வெளிக் குழுவில் ஒருவர், "யாருங்க இந்த வானத்தைச் செஞ்சது? தலைகீழா இருக்கே" என்று கத்தினார். கணக்கு டீச்சர் உங்களிடம் மெதுவாகச் சொன்னார். "பெரியவரே, காத்து எங்கேர்ந்து வருதோ அந்தத் திசையைத்தான் போடணும். போற திசையை இல்ல. நீங்க கிழக்குன்னு போட்டதால, மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து இந்தச் சரிவுல கீழ அமுக்கிடுச்சு."

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என் தப்புதாம்மா. இப்பத்தானே படிக்கக் கத்துக்கிட்டேன். தப்பாப் படிச்சுட்டேன்."

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். தப்பாக எழுதியது நான். துணி போகிற பக்கத்தைப் பார்த்து எழுதியது நான். அதற்கு உங்கள் படிப்பை எதற்குக் குறை சொன்னீர்கள்? டாக்டர், "கொஞ்ச நாளைக்கு நீங்க பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க பெரியவரே" என்றாரே, அதுதான் உங்கள் கண் வலியா?

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. சிலேட்டைப் பற்றி எழுதியது கோபம்தான். ஆனால் பெட்டியை அடுக்கியது அதற்காக இல்லை. ஒரு தடவை நான் விடாமல் நச்சரித்தபோது, "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு எழுத்து?" என்றீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. துண்டை உதறிக்கொண்டே சொன்னீர்கள். வேறு எவளாக இருந்தாலும் சோம்பேறி என்று திட்டியிருப்பாள். நான் அதற்கப்புறம் உங்களைப் படிக்கச் சொல்லவே இல்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன். நீங்கள் பெரிதாக வேறு எதுவும் சொன்னதும் இல்லை.

மாத்திரை உறையைப் படித்துக் காட்டினீர்களே, என் காதில் விழுந்தது வேறு. நீ இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று விழுந்தது.

இனி நான் அங்கே எதற்கு? அதை எழுதுங்கள். கண் வலி போன பிறகு.

வீட்டுக்காரி


ஏப்ரல் 12, ஞாயிறு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஒன்றில், இனி எதையும் படிக்க மாட்டேன், முன்பு போலவே நீயே படித்துச் சொல் என்று எழுதினேன். எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவதில், சாப்பாடு சரியில்லை, துணி மடிக்க வரவில்லை, சீக்கிரம் வா என்று எழுதினேன். அதைப் படித்தால், வேலைக்கு ஆள் தேவை என்று சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதுவும் உண்மை இல்லை. நான் நன்றாகவே சமைக்கிறேன். உனக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை.

அதனால் உள்ளதையே எழுதுகிறேன். உன்னால் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இப்போது இல்லை. மாத்திரை படிக்கிறேன். பஸ்ஸின் பெயர்ப் பலகை படிக்கிறேன். பால் பொங்காமல் பார்த்துக்கொள்கிறேன். இங்கே ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் நீ கடையிலிருந்து திரும்புகிற நேரம் வந்தால் கதவைப் பார்க்கிறேன். நீ கடையை விட்டு எவ்வளவு காலம் ஆகிறது! இருந்தும் பார்க்கிறேன். அந்தக் காலத்திலும் பார்ப்பேன். ஆனால் அப்போது கையில் எப்போதும் ஏதாவது ஒரு தாள் இருக்கும். ஆபீஸில் கொடுத்த சுற்றறிக்கை, மகளின் பள்ளிக்கூடச் சீட்டு. அதைப் படிக்க ஆள் வரவில்லையே என்றுதான் கதவைப் பார்க்கிறேன் என்று நானே நினைத்திருந்தேன். இப்போது கையில் தாள் இல்லை. எல்லாத் தாளையும் நானே படித்துவிட்டேன். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டும் கதவைத்தான் பார்க்கிறேன்.

எழுத்துக் கற்றதில் எனக்கு இது ஒன்று தெளிவானது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க மாட்டேன். துண்டை உதறிவிட்டு வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

காற்று விஷயத்தில் உன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்லவில்லை. கட்டத்தில் கை வைத்தது நான். பருந்து ஒன்று சொல்கிறது, துணி ஒன்று சொல்கிறது என்று யோசித்திருக்க வேண்டியதும் நான்தான். நாம் இருவருமே அதில் கோட்டை விட்டோம், அவ்வளவுதான்.

வா என்று எழுதவில்லை. அது உன் விருப்பம். நான் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இப்போது நிஜமாகவே வாக்கிங்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 17, வெள்ளி

வீட்டுக்காரருக்கு,

படித்தேன். இந்த ஒரு கடிதத்தை மகளிடம் காட்டவில்லை.

26-ஆம் தேதி ஞாயிறு நீங்கள் பறக்க வேண்டும். வானிலை நான் போடுகிறேன். டாக்டரிடம் பேசிவிட்டேன். "உங்களுக்கு இதெல்லாம் பழக்கமாம்மா?" என்று கேட்டார். "காத்து எங்கேர்ந்து வருதுன்னு இப்பத் தெரியும். போதுமா?" என்றேன். பல் டாக்டர் என்று சொன்னீர்கள், அவர் சிரிப்பைக் கேட்டால் நம்பலாம்.

தப்பாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மகள் தூங்கும்போதெல்லாம் அந்தப் பலகையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அதே மலை. என்ன போட்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். மகளிடம் வேவு பார்க்காதீர்கள், அவளிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரி


ஏப்ரல் 27, திங்கள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதே, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த பிடி அப்படி.

கயிற்றை விட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. துடைத்து வைத்த மாதிரி நீலம். ஏற்றம் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு அடையாளமும் வைக்கவில்லை நீ. லாரிக்காரர், "பெரியவரே, வீட்டம்மா ஒரு துப்புக்கூட விடலையே" என்றார். நான் தகரக் கூரையைத் தேடிப் போனேன். பீப் பீப் என்று ஏற்றம் காட்டுகிற கருவி கத்த ஆரம்பித்தது. இருந்தது. ஒல்லியாக, ஆனால் பலமாக. இரண்டு தரம் கை தவறி வெளியே விழுந்து, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டேன்.

மேற்கிலிருந்து நல்ல காற்று. அது எங்களை முதுகில் தட்டித் தட்டி மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது. போவது அவ்வளவு சுலபம். எல்லோரும் பாட்டுப் பாடாத குறை. தொட்டுத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியதும்தான் தெரிந்தது. அதே காற்று இப்போது முகத்தில். வெயில் சாய்ந்து, தெர்மல் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்தது. மலைக்குப் பின்னால் காற்று கீழே அமுக்கியது. டீச்சர் அங்கேயே இறங்கினார். அடுத்து டாக்டர். "உங்க வீட்டம்மாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று கேட்டுக்கொண்டே லாரிக்காரரும் வயலில் உட்கார்ந்தார்.

நான் மட்டும் எப்படியோ மலையைத் தாண்டினேன். நம் பக்கச் சரிவுக்கு வந்தேன். அங்கே காற்று என்னை ஏந்திக்கொண்டது. அசையாமல் நின்றேன், நீ எழுதிய பருந்துகள் மாதிரியே. கீழே மரங்கள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். லாரிக்காரர், "நின்னுக்கிட்டே இருங்க பெரியவரே! கடைசி வரைக்கும் மேல இருந்தாலே நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றார்.

வீடு, அதாவது நாங்கள் கிளம்பிய ரன்வே, அந்தப் பக்கம். நடுவில் பள்ளத்தாக்கு. அங்கே ஏற்றம் எதுவும் நீ வைத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? நிற்கிற வரை விழ மாட்டேன், நிற்கிற வரை வீட்டுக்கும் போக மாட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. திருப்பிவிட்டேன். "ஐயோ" என்றார் டாக்டர்.

எதிர்க்காற்றில் ஊர்ந்தேன். ஒரு இடத்திலாவது பீப் என்று ஒரு சத்தம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. வரவில்லை. ரன்வே கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நிற்கிற கட்டடங்கள் தெரிந்தன. ஒரு வயல் மிச்சம் இருக்கும்போது சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

ஒருவரும் வீடு சேரவில்லை. குழு ஆரம்பித்ததிலிருந்து இப்படி நடந்ததில்லையாம். ஆனால் ஒருவர்கூட தலைகீழ் என்று சொல்லவில்லை. "அநியாயமான வானம், ஆனா நிஜமான வானம்" என்றார் டாக்டர். நான் பறந்ததிலேயே இதுதான் நல்ல நாள். அதை உன்னிடம் சொல்லத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒருவரும் வந்து சேர முடியாது என்று தெரிந்துதான் போட்டாயா? அது எனக்குச் சொன்ன பதிலா?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 30, வியாழன்

வீட்டுக்காரருக்கு,

தெரிந்துதான் போட்டேன்.

கதவைப் பார்க்கிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது அது. நான் இல்லாத வீட்டுக்குச் சுலபமாக ஒருவரும் போய்ச் சேரக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்து வைத்தேன். பள்ளத்தாக்கில் இருந்த கடைசி ஏற்றத்தையும் எடுத்துவிட்டேன். எடுத்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்புறம் உங்கள் கடிதம் வந்தது.

சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நானே ஏறிப் பறந்தேன். வயலில் விழுந்தேன். மறுநாள் மறுபடியும். அதற்கு மறுநாள் உங்களைப் போலவே மலையைத் தாண்டிவிட்டேன். ரன்வே தெரிந்தது. நானே போட்ட காற்று, எங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அப்படியும் சேர முடியவில்லை. பொட்டல் வயலில் கிளைடருக்குள் உட்கார்ந்து ரன்வேயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் மகள் எழுந்து நின்றது தெரியவில்லை.

"ரொம்பக் கொடுமையா இருக்கும்மா. கொஞ்சம் குறைச்சுப் போடு, எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்" என்றாள்.

குறைக்கலாம் என்று கை வைத்தேன். பெட்டிக்குள் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டேன்.

மகளுக்கு நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். நான் திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நடுவில் ஞாயிறு வருவதால், இந்தக் கடிதம் முந்துமா, நான் முந்துவேனா தெரியவில்லை. நான் முந்திவிட்டால், இது வரும்போது பிரித்துவிடாமல் உள்ளே கொண்டு வரச் சொல்வேன். எனக்குக் காலை நீட்டி உட்கார வேண்டும். நீங்கள் படியுங்கள், நான் கேட்கிறேன்.

வீட்டுக்காரி